பழைய அனிமே முகப்புப் பாடல்களைக் கிட்டாரில் வாசித்து வீட்டிலேயே பதிவு செய்வது எப்படி?

தொலைக்காட்சியில் வரும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களான அனிமேயின் முகப்புப் பாடல் ஏறத்தாழ 90 வினாடி ஓடும். அதே 90 வினாடிகளை வாரந்தோறும் கேட்டு வளர்ந்த ஒருவருக்குப் பாடகர் எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு வாங்குவார், எந்த எழுத்தை நீட்டுவார், டிரம்ஸ் எந்த இடத்தில் ஒரு கணம் ஓய்ந்து மீண்டும் எழும் என்பதெல்லாம் மனப்பாடமாகியிருக்கும். ஜப்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவருக்கும் இது பொருந்தும். ஆனால் அவர் மனத்தில் பதிந்திருப்பது கிட்டார் அன்று, குரல். ஆகவே அந்தப் பாடலை நாம் கிட்டாரில் வாசித்துப் பதிவு செய்யும்போது, கேட்பவர் அதை இன்னொரு கிட்டார்க் கலைஞரின் வாசிப்போடு ஒப்பிடுவதில்லை. தம் நினைவில் இருக்கும் குரலோடுதான் ஒப்பிடுகிறார். பதிவுக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பதும் இணைப்பதும் ஓரிரு நாளில் பிடிபடும் வேலை. மெட்டைக் கிட்டாரில் பாட வைப்பதற்குத்தான் நாள் பிடிக்கும். எனவே இந்த வழிகாட்டியில் கருவிகளை அளவாகவும் மெட்டை விரிவாகவும் பேசுகிறேன்.

பாடலைப் பிரித்துப் பார்த்தல்

முதலில் முடிவு செய்ய வேண்டியது, தொலைக்காட்சிக்காகச் சுருக்கிய வடிவத்தை வாசிப்பதா, இசைத்தட்டில் வந்த முழுப் பாடலை வாசிப்பதா என்பது. சுருக்கிய வடிவம் முழுப் பாடலின் முதல் 90 வினாடி மட்டுமே என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. தொடக்க இசையைக் குறைத்திருப்பார்கள், ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த பகுதியோடு ஒட்டியிருப்பார்கள், முடிவுக்கென்றே தனியாக ஓர் இசைத்துணுக்கைச் சேர்த்திருப்பார்கள். நினைவில் இருப்பது சுருக்கிய வடிவமாதலால், முதன்முறையாகப் பதிவு செய்கிறவர்கள் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. ஒரே மூச்சில் தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்கக்கூடிய நீளமும் அதுதான்.

ஜப்பானிய இசைக்கலைஞர்கள் ஒரு பாடலை ‘ஏ மெலோ’, ‘பி மெலோ’, ‘சாபி’ என்று மூன்றாகப் பகுத்துப் பேசுகிறார்கள். இவற்றுள் சாபி என்பது நம் பல்லவியைப் போன்றது; பாடலின் உச்சம், எல்லாரும் முணுமுணுக்கும் பகுதி. நம் பல்லவி முதலில் வரும், சாபியோ வழக்கமாக மூன்றாவதாக வரும். ஆயினும் சில பாடல்கள் சாபியிலேயே தொடங்கிவிடுகின்றன. 1995ஆம் ஆண்டு வெளிவந்த ‘நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன்’ தொடருக்காக டாக்காஹாஷி யோக்கோ பாடிய ‘சன்கோக்கு நா டென்ஷி நோ தேஸே’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மிகக் குறைந்த பின்னணியோடு சாபியின் வரிகள் முதலில் ஒலிக்க, அதன் பின்னரே தாளம் முழு வீச்சில் புறப்படுகிறது. இத்தகைய பாடலில் கிட்டாரின் முதல் சுரத்துக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. தொடக்க வரியைப் பதிவின் கடைசி வேலையாக, விரல்கள் பாடலுக்குப் பழகிய பின் எடுக்குமாறு பரிந்துரைப்பேன்.

அடுத்தது கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள். ஜப்பானிய ஜனரஞ்சகப் பாடல்களில் ஒரு வரிசை மீண்டும் மீண்டும் வருகிறது. சி மேஜரில் சொன்னால் அது எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஓடோ ஷின்கோ’. ‘ஓடோ’ என்றால் ராஜபாட்டை. இந்த ஒரு வரிசையை எல்லாச் சுருதிகளிலும் கையில் வைத்திருந்தால், பல பாடல்களின் சாபியில் அடுத்து என்ன வரும் என்பதைக் காது முன்கூட்டியே ஊகித்துவிடும். கடைசிச் சாபியில் திடீரென்று சுருதியை அரைச்சுரமோ ஒரு சுரமோ உயர்த்துவதும் இப்பாடல்களில், குறிப்பாக முழு வடிவங்களில், அடிக்கடி காணப்படும் உத்தி. அந்த இடத்தைக் கவனிக்காமல் பழைய நிலையிலேயே கார்டுகளைத் தேடிக்கொண்டிருந்து நேரத்தை வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

பாடலின் சுருதி கிட்டாருக்குத் தோதாக இல்லாதபோது காப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி, கைகொடுக்கும். மேலே சொன்ன எவாஞ்சலியன் பாடல் சி மைனரில் அமைந்தது. திறந்த கம்பிகள் அந்தச் சுருதியில் அவ்வளவாக உதவுவதில்லை. காப்போவை 3ஆம் ஃபிரெட்டில் மாட்டிக்கொண்டு ஏ மைனர் வடிவங்களைப் பிடித்தால், வெளியே வருவது சி மைனர்தான். அக்கூஸ்டிக் கிட்டாரில் தாளம் பிடிக்க இது போதும். மெட்டை எலக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கிறவர்கள் காப்போவைத் தவிர்த்து, 6ஆம் கம்பியின் 8ஆம் ஃபிரெட்டை மையமாக வைத்து வாசிக்கலாம்.

காதால் கேட்டு மெட்டை எடுக்கும்போது, பதிவு மென்பொருளில் பாடலின் வேகத்தை மட்டும் 70 விழுக்காட்டுக்குக் குறைத்து, சுருதியை மாற்றாமல், இரண்டு இரண்டு ஆவர்த்தனமாகச் சுழலவிட்டுக் கேளுங்கள். பழைய நாடாப் பதிவுகள் சில நேரம் 440 ஹெர்ட்ஸ் ஏ என்னும் அளவிலிருந்து சில சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கு) விலகி இருக்கும். உங்கள் கிட்டார் சுருதி சேர்ந்திருந்தும் பாடலோடு ஒட்டாததுபோல் தோன்றினால் இதுவே காரணமாக இருக்கலாம். கிட்டாரைத் திருகாமல், மூலப் பாடலின் சுருதியை மென்பொருளில் சற்று நகர்த்தி 440க்குக் கொண்டுவந்துவிட்டுப் பயிலுங்கள். குரலைத் தனியாகப் பிரித்துத் தரும் மென்பொருள்களும் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. 2019இல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பிளீட்டர்’ அவற்றுள் ஒன்று. பயிற்சிக்கு அது மிகவும் பயன்படும். ஆனால் அப்படிப் பிரித்தெடுத்த பின்னணியின் மேல் வாசித்து வெளியிடக் கூடாது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

மெட்டைக் கிட்டாரில் பாட வைத்தல்

ஜப்பானிய மொழியின் ஓசை அலகு ‘மோரா’ எனப்படுகிறது. ‘ட’, ‘க’, ‘ஷி’ போன்ற ஒவ்வொன்றும் ஒரு மோரா. நெடில் இரண்டு மோரா. தனித்து நிற்கும் ‘ன்’ ஒலியும் ஒரு மோரா. நம் யாப்பில் மாத்திரை எண்ணிப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாடலில் பெரும்பாலும் மோராவுக்கு ஒரு சுரம் கிடைக்கிறது. அதன் விளைவாக, வேகமான அனிமே பாடல்களில் ஒரே சுரம் மூன்று முறை, நான்கு முறை, சில நேரம் ஆறு முறைகூட அடுத்தடுத்து வரும். குரலில் இது சலிப்பூட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் மெய்யும் உயிரும் மாறுவதால் சுரம் ஒன்றேயானாலும் ஒலி வேறாகிவிடுகிறது. கிட்டாருக்கு மெய்யும் இல்லை, உயிரும் இல்லை. ஒரே ஃபிரெட்டில் ஒரே விசையில் நான்கு முறை தட்டினால் கதவைத் தட்டுவதுபோல்தான் கேட்கும். அனிமே பாடல்களின் கிட்டார் வடிவங்கள் பல உயிரற்று ஒலிப்பதற்கு முதற்காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

இதற்கு என்ன செய்வது என்பதை ஒரு சிறிய சொற்றொடரில் பார்ப்போம். சுரங்கள் ஈ, ஈ, ஈ, எஃப் ஷார்ப், ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றும் 2ஆம் கம்பியின் 5ஆம் ஃபிரெட்டில் கிடைக்கும். முதல் ஈயை நேராகத் தொடாமல் 3ஆம் ஃபிரெட்டிலிருந்து விரலைச் சறுக்கி 5க்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவதை எந்த அலங்காரமும் இன்றி, பிக்கை மேல்நோக்கி இழுத்துச் சற்று மெலிதாக வாசியுங்கள். மூன்றாவதை உள்ளங்கையின் ஓரத்தால் கம்பியை லேசாக அடக்கிக் குறுக்குங்கள். நான்காவதான எஃப் ஷார்ப்புக்கு 7ஆம் ஃபிரெட்டுக்குப் போகாமல், 5ஆம் ஃபிரெட்டிலேயே கம்பியை ஒரு முழுச் சுரம் மேலே இழுங்கள். குரல் மேலேறும் வழுக்கல் அதில் அப்படியே கிடைக்கும். ஐந்தாவதான ஏ, 1ஆம் கம்பியின் 5ஆம் ஃபிரெட்டில் இருக்கிறது. அங்கே போகும்போது இழுத்த கம்பியை விடுவதற்கு முன் வலக்கையால் அதை அடக்கிவிட வேண்டும். மறந்தால் சுரம் கீழே சரியும் ‘மியாவ்’ என்ற ஒலி பதிவில் தெளிவாகக் கேட்கும். இறுதிச் சுரத்தை அதன் பாதி நீளம் வரை அசைக்காமல் நிறுத்தி, அதன் பிறகே விரலை அசைத்து அதிர்வு கொடுங்கள். பெரும்பாலான பாடகர்கள் நீண்ட சுரத்தை முடிப்பது அப்படித்தான். கிட்டார் வாசிப்பவர்களோ பழக்கதோஷத்தால் சுரம் தொடங்கிய நொடியிலேயே அதிர்வைத் தொடங்கிவிடுகிறோம்.

சுரத்தின் கீழிருந்து உரசிக்கொண்டு மேலேறுவதற்கு ஜப்பானியர் ‘ஷாகுரி’ என்றும், சுரத்தை ஒரு சுழற்று சுழற்றுவதற்குக் ‘கொபுஷி’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். கரோக்கே இயந்திரங்கள் மதிப்பெண் போடும்போது இவற்றையும் எண்ணுகின்றன. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இவை எங்கே வருகின்றன என்று கண்டுபிடிப்பது கடினமன்று. மூலப் பாடலின் வரிகளை ஒரு தாளில் ஒலிபெயர்த்து எழுதிக்கொண்டு, ஷாகுரி வரும் இடத்தில் மேல்நோக்கி ஒரு கோடும், நெடில் வரும் இடத்தில் ஒரு நீள்கோடும், மூச்சு வாங்கும் இடத்தில் ஓர் ஒற்றைக் காற்புள்ளியும் போட்டுக்கொள்வது என் வழக்கம். அந்தத் தாளைப் பார்த்து முதலில் வாயால் பாடிப் பார்க்க வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்த இடத்தை வாயால் பாட முடியவில்லையோ, அந்த இடம் விரலுக்கும் தெரியாது.

மூச்சுக்கான இடைவெளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாடகருக்கு மூச்சு வேண்டும், கிட்டாருக்கு வேண்டாம். ஆகையால் வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சிறுசிறு ஓட்டங்களால் நிரப்பும் ஆசை எழும். நிரப்பாதீர்கள். அந்த அரை நொடியில்தான் கேட்பவர் அடுத்த வரியைத் தம் மனத்துக்குள் தொடங்குகிறார்.

பெண்குரல் பாடல்களின் மெட்டைப் பாடிய உயரத்திலேயே வாசித்தால், பெரும்பாலும் மெல்லிய மூன்று கம்பிகளில் 5 முதல் 12 வரையுள்ள ஃபிரெட்டுகளில் அடங்கிவிடும். கிட்டார் இனிமையாகப் பாடும் பகுதியும் அதுவே. ஆண்குரல் பாடல்களை அதே உயரத்தில் வாசித்தால் மெட்டு, தாளக் கிட்டாரின் கார்டுகளுக்குள் புதைந்துபோகும். ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு தாயி, ஏற்றிக்கொள்ளுங்கள்.

குரலே முதன்மையாக இல்லாத முகப்பு இசையும் உண்டு. ‘கௌபாய் பீபாப்’ தொடருக்காக கன்னோ யோக்கோ இசையமைத்த, 1998இல் வெளிவந்த ‘டேங்க்!’ பித்தளைக் காற்றுக் கருவிகளின் ஆட்டம். இங்கே நம் விதிகள் தலைகீழாகின்றன. சுரத்தை வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. குத்தாகத் தொடங்கி, இரு கைகளாலும் உடனே அடக்கி, ஓசையின்மையைக் கூர்மையாக வெட்டிக் காட்ட வேண்டும். டிரம்பெட் கூட்டம் நிறுத்தும் இடத்தில் கிட்டார் கம்பி அதிர்ந்துகொண்டே இருந்தால், அந்த இசையின் துள்ளலே போய்விடும்.

கருவிகள்

கிட்டார், அதன் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை மூடும் வகை ஹெட்ஃபோன், கணினி, பதிவு மென்பொருள் ஆகிய ஐந்தும் போதும். ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசமாக உள்ளது. ரீப்பர் எல்லாக் கணினிகளிலும் ஓடும், 60 நாள் வரை சோதித்துப் பார்க்க அனுமதிக்கும். இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்றே உள்ள ‘இன்ஸ்ட்ருமென்ட்’ உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். அதன் உள்மின்தடை ஏறக்குறைய 10 லட்சம் ஓம். சாதாரண உள்ளீடுகளில் அது மிகவும் குறைவு. அவற்றில் செருகினால் கிட்டாரின் பிக்கப் சுமை தாங்காமல் மேல்தாயி மங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். விண்டோஸ் கணினியில் தாமதத்தைக் குறைக்க இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஆசியோ டிரைவர் என்னும் இணைப்பு மென்பொருளை நிறுவிக்கொள்வது கட்டாயம். பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துவிடுங்கள். பின்னர் வீடியோவோடு சேர்ப்பதற்கு அதுவே பொருத்தமான அளவு.

கம்பிகளைப் பதிவுக்கு முதல்நாள் மாற்றுங்கள். அன்றே மாற்றினால் இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். 12ஆம் ஃபிரெட்டில் கம்பியை அழுத்தி வாசிக்கும் சுரமும், அதே இடத்தில் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால் பாலத்தில் (பிரிட்ஜில்) கம்பியைத் தாங்கும் சேடிலை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். இழுத்தும் சறுக்கியும் வாசிக்கும் மெட்டில் இந்தச் சிறு பிழை பெரிதாகத் தெரியும்.

பதிவுக்கு முன்

பாடலின் வேகத்தைத் துல்லியமாகக் கண்டறியுங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்னும் வேகத்தில் 90 வினாடிக்குள் 180 அடிகள், அதாவது நான்கடி ஆவர்த்தனங்கள் 45 வரும். வேகத்தை 121 என்று தவறாகக் கணித்தால் அதே 180 அடிகள் 89.26 வினாடியிலேயே முடிந்துவிடும். முக்கால் வினாடி வேறுபாடு. ஓர் அடியில் தெரியாத பிழை முடிவில் ஒன்றரை அடியாகக் குவிந்து நிற்கும். வேகம் கூடிக் குறைந்து செல்லும் பழைய பாடல்களுக்கு மென்பொருளில் ஆவர்த்தனம்தோறும் வேகத்தைக் குறிக்கும் வரைபடம் அமைக்கலாம். என் கருத்தில், முடிவில் வேகம் தளரும் இடத்தை மட்டும் அவ்வாறு குறித்துவிட்டு, மற்றதை நிலையான வேகத்தில் வைப்பதே நிம்மதி.

கம்பியைத் தட்டுவதற்கும் ஹெட்ஃபோனில் ஒலி கேட்பதற்கும் இடையேயுள்ள தாமதம் மென்பொருளின் பஃபர் அளவை, அதாவது கணினி ஒலியை ஒருசேரக் கையாளும் துண்டின் அளவைப் பொறுத்தது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் ஒருவழித் தாமதம் 2.7 மில்லிவினாடி, 256 என்றால் 5.3. போக வரச் சேர்த்தும், இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதத்தைக் கூட்டியும் 10 மில்லிவினாடிக்குள் இருந்தால் கவலையில்லை. ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்கு அது சமம். வாசிக்கும்போது பஃபரைக் குறைத்து வைத்து, மிக்ஸிங் (பதிவானவற்றைச் சமன்படுத்திச் சேர்த்தல்) செய்யும்போது 1024 வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒலி அளவை வைக்கும்போது மென்மையான தொடக்கத்தை வாசித்துப் பார்க்காமல், சாபியில் எவ்வளவு வேகமாக அடிப்பீர்களோ அவ்வளவு வேகமாக அடித்துப் பாருங்கள். உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 10 டெசிபெல்லுக்கும் நடுவே நிற்க வேண்டும். 24 பிட் பதிவில் அளவு குறைந்தால் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். பூஜ்யத்தைத் தாண்டிச் சிதைந்தால் மீட்க வழியில்லை.

எந்த உள்ளீடு பதிவாகிறது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருமுறை மாலை முழுவதும் வாசித்து, நல்ல டேக் (ஒருமுறை வாசித்த பதிவு) ஒன்று அமைந்துவிட்ட மகிழ்ச்சியில் திரும்பக் கேட்டபோது, கிட்டாரின் ஒலி தொலைவில் எங்கோ கேட்டது. அதைவிடத் தெளிவாக என் நாற்காலியின் கிரீச்சொலி கேட்டது. மென்பொருள் இன்டர்ஃபேஸை விட்டுவிட்டு மடிக்கணினியின் உள் மைக்கைத் தேர்ந்தெடுத்திருந்தது. அன்றிலிருந்து பதிவைத் தொடங்குமுன் விசைப்பலகையின் ஓரத்தை விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறேன். ஒலிமானி துள்ளினால் பதிவாவது கிட்டார் அன்று.

பதிவு செய்யும் வரிசை

முதலில் மெட்டை ஒருமுறை பிழைகளோடு ஓட்டமாக வாசித்து, வழிகாட்டி டிராக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு டிரம்ஸை மென்பொருளில் அமைத்து, பேஸ் வாசித்து, அதன்மேல் தாளக் கிட்டார்களை எழுப்பி, கடைசியில் வழிகாட்டியை நீக்கிவிட்டு மெட்டை முறையாகப் பதிவு செய்வது நல்ல வரிசை. பேஸ் கிட்டார் இல்லாதவர்கள் சாதாரணக் கிட்டாரின் தடித்த கம்பிகளில் வாசித்து, ஒரு ஆக்டேவ் இறக்கும் பிளக்இன் என்னும் துணைநிரலைப் பயன்படுத்தலாம். தனியாகக் கேட்டால் செயற்கையாக இருக்கும், கூட்டத்தில் தெரியாது.

தாளக் கிட்டாரை இருமுறை வாசித்து ஒன்றை முழுக்க இடப்புறமும் மற்றதை முழுக்க வலப்புறமும் வைத்தால் ஒலி அகன்று விரியும். ஒரே டேக்கை நகலெடுத்து இரு பக்கமும் வைப்பதால் இந்த விரிவு கிடைக்காது. இரண்டும் அணுவளவும் மாறாதவை என்பதால் ஒலி நடுவிலேயே நின்று சத்தம் மட்டும் கூடும். இரு வாசிப்புகளுக்கிடையே இயல்பாக எழும் நுண்ணிய நேர வேறுபாடுதான் காதுக்கு அகலமாகத் தெரிகிறது. இரண்டு டிராக்குகள் சேரும்போது டிஸ்டார்ஷனும் சேர்ந்து கூடுவதால், தனியாக வாசிக்கும்போது போதவில்லையே என்று தோன்றும் அளவுக்கு அதைக் குறைத்து வையுங்கள்.

கிட்டாரை எந்த விளைவும் சேர்க்காமல் நேரடியாகப் பதிவு செய்து, ஆம்ப் ஒலியை மென்பொருளில் பின்னர் சேர்ப்பதே வீட்டுக்கு ஏற்ற முறை. நள்ளிரவிலும் யாருக்கும் தொந்தரவில்லை. ஒலி பிடிக்காவிட்டால் மீண்டும் வாசிக்காமலேயே மாற்றிக்கொள்ளலாம். ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ என்னும் இலவச மென்பொருளே இதற்குப் போதுமானது. அதோடு ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைத் தரும் ‘இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்’ கோப்பையும் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாத டிஸ்டார்ஷன் கொசுவின் ரீங்காரத்தைவிடக் கொடுமையானது. வாசிக்காதபோதும் உறுமல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிறகு திரையிலிருந்து சற்று விலகி, நாற்காலியோடு மெதுவாகச் சுழன்று பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டார்களில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் உறுமல் வெகுவாக அடங்கும். அந்தக் கோணத்திலேயே அமர்ந்து வாசியுங்கள்.

அக்கூஸ்டிக் கிட்டாருக்குக் கண்டென்சர் மைக் வேண்டும். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால்தான் அது உயிர்பெறும். ஒலி வெளிவரும் துளைக்கு நேராக மைக்கை வைக்கத் தோன்றும், ஆனால் அங்கே கீழ்த்தாயி ‘பொம்’ என்று பொங்கும். 12ஆம் ஃபிரெட்டுக்கு நேரே 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, அங்கிருந்து சிறிது சிறிதாக நகர்த்திப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.

மெட்டைப் பொறுத்தவரை, முழுப் பாடலையும் நிறுத்தாமல் மூன்று அல்லது நான்கு முறை வாசித்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் சிறந்ததைத் தேர்ந்து ஒட்டுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி பாருங்கள். சொல் சொல்லாக வெட்டி ஒட்டினால் பிழையில்லாத மெட்டு கிடைக்கும், பாடுகிற மெட்டு கிடைக்காது. வரியைவிடச் சிறிதாக நான் வெட்டுவதில்லை. உணர்ச்சி நிறைந்த ஒரு டேக்கில் ஓர் உரசல் ஒலி இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவேன்.

மிக்ஸிங்

தாளக் கிட்டார்களில் 90 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டிவிட்டால் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் இடம் கிடைக்கும். மெட்டு நடுவில், ஒற்றைக் குரலாக நிற்கட்டும். மெட்டு எழவில்லை என்று தோன்றும்போது அதன் அளவைக் கூட்டுவதற்கு முன், தாளக் கிட்டார்களில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை இரண்டு மூன்று டெசிபெல் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். எதிரொலியை வேகத்தோடு பொருத்த 60,000ஐ வேகத்தால் வகுத்தால் ஓர் அடிக்குரிய மில்லிவினாடி கிடைக்கும். 120 வேகத்தில் அது 500. முக்கால் அடி எதிரொலிக்கு 375. எண்பதுகளின் பாடல்களில் தாராளமான ரிவெர்ப் அந்தக் காலத்தின் வாசனையையே கொண்டுவரும் என்பதால், அத்தகைய பாடலுக்குச் சற்றுக் கூடுதலாகவே விடலாம்.

மூலப் பாடலோடு ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் காதுக்குச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். சத்தமாக இருப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபெல்லுக்கு மேல் போகவிடாமல், மொத்த உரப்பை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பின் அலகு) அளவுக்கு அருகில் வைத்தால் போதுமானது. அதைவிட உரப்பாக ஏற்றினாலும் யூடியூப் அதைக் குறைத்துத்தான் ஒலிக்கவிடும். இறுதியாகக் கைப்பேசியின் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். பேஸ் காணாமல்போகும், பரவாயில்லை. மெட்டின் ஒவ்வொரு சுரமும் கேட்கிறதா என்பதே அங்கே கேள்வி.

வீடியோவும் உரிமையும்

வாசிப்பதைப் படமெடுக்கிறவர்கள் ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒருமுறை கைதட்டிவிட்டால், தட்டலின் கூர்முனையை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம். கைப்பேசிகள் பல சீரான பிரேம் வேகத்தில் படமெடுப்பதில்லை. தொடக்கத்தில் பொருந்திய விரலசைவு முடிவில் விலகிப்போனால், படத்தைச் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டு மீண்டும் பொருத்த வேண்டும்.

ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் அடங்கியுள்ளன. மெட்டும் வரிகளும் இசையமைப்பாளருக்கும் கவிஞருக்கும் உரியவை. ஒலிப்பதிவு அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு உரியது. ஜப்பானில் முதல்வகை உரிமைகளைப் பெருமளவில் நிர்வகிப்பது 1939இல் தொடங்கப்பட்ட ஜாஸ்ராக் சங்கம்; நெக்ஸ்டோன் என்னும் நிறுவனமும் உள்ளது. யூடியூப், ஜப்பானின் நிக்கோனிக்கோ போன்ற வீடியோத் தளங்கள் ஜாஸ்ராக்குடன் ஒப்பந்தம் செய்திருப்பதால்தான் அதன் நிர்வாகத்திலுள்ள பாடல்களைத் தனிநபர்கள் தாமே வாசித்து அங்கே ஏற்ற முடிகிறது. அந்த ஒப்பந்தம் மூல ஒலிப்பதிவுக்கும் தொடரின் காட்சிகளுக்கும் பொருந்தாது. பிரித்தெடுத்த பின்னணியின்மேல் வாசித்து வெளியிடக் கூடாது என்று முன்னர் சொன்னதன் காரணம் இதுவே. தொடரின் காட்சித்துணுக்குகளையும் பின்னணியில் ஓட்டாதீர்கள். நீங்களே எல்லாவற்றையும் வாசித்திருந்தாலும் யூடியூபின் தானியங்கிக் கண்காணிப்பு மெட்டை அடையாளம் கண்டு, விளம்பர வருவாயை உரிமையாளர் பக்கம் திருப்பக்கூடும். அது தண்டனை அன்று, ஏற்பாடு. பதிவைத் தனியாக விற்கவோ இசைத் தளங்களில் வெளியிடவோ வேறு உரிமம் வேண்டும். எந்தப் பாடல் யார் நிர்வாகத்தில் உள்ளது என்பதை ஜாஸ்ராக்கின் ‘ஜே-விட்’ தரவுத்தளத்தில் தேடலாம்.

2006 டிசம்பரில் தொடங்கிய நிக்கோனிக்கோ தளத்தில், இத்தகைய வாசிப்புகளுக்கு ‘ஹீத்தே மித்தா’ என்று தலைப்பிடும் வழக்கம் பரவியது. ‘ஹீத்தே’ என்றால் வாசித்து, ‘மித்தா’ என்றால் பார்த்தேன். ‘வாசித்துப் பார்த்தேன்’ என்று நாம் சொல்லும் அதே அமைப்பு, முயற்சியைப் பார்வையாகச் சொல்லும் அதே அடக்கம். உங்கள் வீடியோவின் தலைப்பில் இச்சொல்லை ஜப்பானிய எழுத்தில் சேர்த்தால், அந்நாட்டு ரசிகர்களின் தேடலிலும் அது தென்படும். விளக்கக் குறிப்பில் தொடரின் பெயரையும் பாடகரின் பெயரையும் மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எவாஞ்சலியன் பாடலுக்கு மெட்டமைத்தவர் சாட்டோ ஹிடேடோஷி, வரிகளை எழுதியவர் ஓய்காவா நேக்கோ. நாம் எடுத்து வாசித்தது அவர்கள் ஆக்கியதைத்தான். அதன்கீழே நீங்கள் பயன்படுத்திய சுருதி, காப்போ நிலை, வேகம் ஆகிய மூன்றையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். வீடியோவைப் பார்த்துவிட்டுக் கிட்டாரைக் கையிலெடுப்பவர் முதலில் கேட்கும் கேள்விகள் அவைதாம்.